ஒரு கதவு அளவு ரயில்

திங்கட்கிழமை வருகிறேன் என்று சொன்ன பெண் சனிக்கிழமை மதியம் இரண்டரைக்கே வந்து நின்றால், பெற்ற அப்பாவுக்குச் சந்தோஷம்தானே வர வேண்டும்? நம் அப்பாவுக்கு வியர்த்தது.

போன வாரம் பாப்பா தொலைபேசியில் சொன்னது இதுதான். "விடுதியைக் காலி பண்றேன். என் ரூம் எனக்கு வேணும்." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். முப்பது வயது, கண்ணாடிக்கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை, மூன்று வருஷக் கல்யாணம். ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான். கணவன் வீட்டை விட்டுக் கிளம்பி இரண்டு மாதமாகப் பெண்கள் விடுதியில் இருந்தாள். கிளம்பிய அன்றே அப்பா அம்மா இருவரிடமும் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். 'அவர் இந்த வாசலை மிதிக்கக் கூடாது. நீங்களும் அவரோட பேசக் கூடாது.' அம்மா தலையாட்டினாள். அப்பா சத்தமாகவே சத்தியம் செய்தார்.

இப்போது அந்த அப்பா சமையலறையில், வீட்டிலேயே பெரிய பாத்திரத்தில் பிளாஸ்டர் மாவைக் கரைத்துக்கொண்டிருந்தார். வாசலில் சாவி திரும்பியது. கை நழுவிப் பாத்திரம் தொட்டிக்குள் விழுந்தது.

"என்னங்க, யாரு வந்திருக்கான்னு பாருங்க!"

அம்மாவின் குரல். சனிக்கிழமை இந்த நேரத்தில் அம்மா மருந்துக்கடையில் அல்லவா இருக்க வேண்டும்? பாப்பா நேராகக் கடைக்கே போயிருக்கிறாள். அம்மா முதலாளியிடம் சொல்லிவிட்டு அரைநாள் லீவு போட்டு, மகளின் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"வா பாப்பா. திங்கட்கிழமைன்னு சொன்னே…"

"ஏன்ப்பா, சீக்கிரம் வந்தா திருப்பி அனுப்பிடுவீங்களா?"

"சேச்சே" என்றார் அப்பா. கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய் வந்தது.

"நான் போய் முகம் கழுவி டிரஸ் மாத்திக்கறேன்." பாப்பா தன் அறையைப் பார்த்து நடந்தாள். அப்பா குறுக்கே வந்து நின்றார்.

"உள்ள ஒரே தூசி. ஹால்ல உட்காரேன்."

"பரவாயில்லப்பா."

அவரை ஒதுக்கிவிட்டு, அறை வாசலில் தொங்கிய திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அறை நடுவில், இரண்டு மரத்தாங்கிகளின் மேல், ஒரு ஊர் இருந்தது. சுற்றிவர ஒரு தண்டவாளம். ஒரு ஸ்டேஷன், சரக்குப் பெட்டி ஒதுங்க ஒரு கிளைப்பாதை. ஒரு மூலையில் மலை, மலையைக் குடைந்து ஒரு சுரங்கம். அவ்வளவுதான். பக்கத்து மேஜையில் அப்பாவின் நோட்டு திறந்திருந்தது. இடப்பக்கம் 'சேர்த்தது', வலப்பக்கம் 'எடுத்தது'. பாலம் ஒன்று சேர்த்த அன்று குளம் போயிருந்தது. அப்புறம் பாலமும் போயிருந்தது.

இதன் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா முப்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஆறு பேர் என்று பலகையில் எழுதியிருந்தால் ஏழாவது ஆளை மேனேஜராக இருந்தாலும் இறக்கிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் ஓய்வு பெற்றதும் வாங்கிய பொம்மை ரயிலுக்கு மட்டும் எல்லையே வைக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தது, மூன்றே மாதத்தில் ஹாலைத் தாண்டி, சோபாவுக்கு அடியில் புகுந்து, சமையலறை வரை போய்விட்டது. ஒருநாள் காபித் தட்டோடு வந்த அம்மா சரக்கு ரயிலில் கால் தடுக்கி விழுந்து, ஒரு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டாள். ரயில் பரணுக்குப் போயிற்று.

இரண்டு மாதத்துக்கு முன்னால், பாப்பாவின் அறை காலியாகத்தானே கிடக்கிறது என்று அப்பா மறுபடி கெஞ்சினார். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஒரு கதவு அளவு. அதுக்கு மேல ஒரு அங்குலம் வளர்ந்தாலும் மறுபடி பரண்தான்."

அளவு மீறவில்லை. அதுதான் அதிசயம். மருந்துக்கடையில் எல்லோரிடமும் அம்மா பெருமையடித்துக்கொண்டிருந்தாள், 'எங்க வீட்டுக்காரர் திருந்திட்டார்' என்று. பிளாஸ்டர் தூசி ஒத்துக்கொள்ளாமல் தும்மல் வருவதால் அவள் அந்த அறைப்பக்கமே போவதில்லை.

பாப்பா பொத்தானை அமுக்கினாள். ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி, வளைவில் சாயாமல் திரும்பி, சுரங்கத்துக்குள் போய், மறுபக்கம் சமர்த்தாக வெளியே வந்தது. இரண்டு மாதத்தில் முதல்முறையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"நல்லா இருக்குப்பா. நிஜமாவே." தண்டவாளத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "ஒட்டலையா? எல்லாமே ஸ்க்ரூ போட்டிருக்கு?"

"ஆமா. அடியில இருக்கிற மரம் கெடக் கூடாதில்ல…"

"சரி, நீங்க வெளிய இருங்க. நான் டிரஸ் மாத்தணும்."

அப்பா வெளியே வந்தார். பாப்பா திரையை விலக்கி, கதவைச் சாத்தக் கை நீட்டினாள். கையில் எதுவும் அகப்படவில்லை. திரும்பிப் பார்த்தாள். நிலைச் சட்டத்தில் மூன்று கீல்கள் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"அப்பா, கதவு எங்க?"

ஹாலிலிருந்து அம்மா பதில் சொன்னாள். "தச்சர்கிட்ட இருக்குடி. மழைல உப்பிப் போச்சுன்னு இழைக்கக் குடுத்தார் உங்கப்பா. ரெண்டு மாசமா இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தடிக்கிறான் அந்த ஆள்."

பாப்பா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ரயில் ஊரைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் வீட்டுக் கதவுகளின் அரக்குச் சாயம். அவள் மெதுவாகக் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தாள்.

ஊருக்கு அடியில் ஒரு பித்தளைக் கைப்பிடி தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தாழ்ப்பாள். அதற்கும் கொஞ்சம் தள்ளி, பள்ளிக்கூடப் பையை மாட்ட அவள் கையாலேயே அடித்த கோணல் ஆணி.

"அம்மா, இங்க வா."

அம்மா வந்தாள், தும்மினாள், குனிந்தாள். நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. நிமிர்ந்தவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"கதவு அளவுன்னுதானேங்க சொன்னேன்? கதவையேவா கழட்டுவீங்க?"

"அளவு தப்பிடக் கூடாதுன்னுதான்… கதவே இருந்தா ஒரு அங்குலம் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது…"

"அப்ப தச்சர்?"

அப்பா திருதிருவென விழித்தார்.

"ஐயையோ!" அம்மா நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். "போன வாரம் அந்த மனுஷனை நடுத்தெருவுல நிறுத்தி வெச்சுக் கேட்டேங்க! 'எந்தக் கதவும்மா'ன்னு பாவம் முழிச்சார். பொய் சொல்றார்னு நெனச்சு வாய்க்கு வந்தபடி பேசிட்டு வந்தேன். வேடிக்கை பார்க்கக் கூட்டமே கூடிடுச்சு. நாளைக்கு அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

வேறு நாளாக இருந்தால் பாப்பா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று சிரிக்கவில்லை. பெட்டியின் மேல் உட்கார்ந்து, காலியான நிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வீட்டுல எங்க ரூமுக்குக் கதவு இருந்துதும்மா. ஆனா மூடக் கூடாது. மூடினா அவர் அக்கா வந்து நிப்பாங்க, 'எங்ககிட்ட அப்படி என்ன மறைக்கிற?'ன்னு. ஒருநாள் என் டைரியைப் படிச்சுட்டு, சாப்பிடற நேரத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. இவர் தட்டைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தார். 'அக்கா, வேணாம்'னு ஒரு வார்த்தை சொல்லல. அன்னைக்குத்தான் கிளம்பினேன்."

டைரி விஷயம் அம்மாவுக்கே புதிது.

"விடுதில ஒரு ரூமுக்கு நாலு பேர். அழறதுன்னாகூட போர்வைக்குள்ளதான். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ப்பா. உள்ள போய்ச் சாத்திக்க ஒரு கதவு. அது இன்னைக்கே வேணும். இல்லன்னா விடுதிக்கே போயிடறேன். அஞ்சு மணி வரைக்கும் என் கட்டிலை யாருக்கும் குடுக்காம வெச்சிருக்காங்க."

"நாளைக்கு மாட்டிடலாம் பாப்பா. இல்லன்னா திங்கட்கிழமை. நீ திங்கட்கிழமைதானே வர்றதா…" அப்பா பாதியில் நிறுத்திவிட்டு, கைபேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். காதில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"யாருக்கு போன்? தச்சருக்கா?" என்றாள் அம்மா கசப்பாக.

மணி மூன்றேகால்.

பாப்பா எழுந்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். திருகாணியோடு பழகிய கை அல்லவா, வேலையைக் கண்ணாலேயே அளந்துவிட்டாள்.

"தண்டவாளம் இருந்தா இருக்கட்டும்ப்பா. அப்படியே தூக்கி மாட்டிடலாம். தாழ்ப்பாள் இருந்தா போதும் எனக்கு. ஸ்டேஷன் ரெண்டு ஸ்க்ரூ. மலை ஆறு ஸ்க்ரூ. கால் மணி நேர வேலை."

"மலையைத் தொடாதே!"

அப்பா அந்த வீட்டில் கத்தி யாரும் கேட்டதில்லை. அம்மா தும்மலையே விழுங்கிவிட்டாள்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு? நம்ம பொண்ணை விட இந்த மலை பெரிசா?"

பாப்பா பெட்டியின் கைப்பிடியை இழுத்து நிமிர்த்தினாள். சக்கரம் வாசல் பக்கம் திரும்பியது. அந்தச் சத்தத்தை அவரால் தாங்க முடியவில்லை.

"போகாதே பாப்பா. கழட்டிடலாம். நானே கழட்டறேன்."

ஸ்டேஷன் முதலில் வந்தது. பிறகு அப்பா தரையில் மல்லாந்து படுத்து, அடியிலிருந்து மலையின் திருகாணிகளைக் கழற்றினார். கடைசித் திருகாணி விரலில் நிற்காமல் உருண்டு ஓடியது.

"நான் தூக்கறேன். நீ அந்தப் பக்கம் போ பாப்பா."

அவர் எழுந்திருக்கும் முன்பே பாப்பா மலையைத் தூக்கிவிட்டாள். பார்வைக்குத்தான் மலை, எடை ஒன்றுமில்லை. பழைய காகிதத்தைப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டி, மேலே பிளாஸ்டர் பூசியது. கவிழ்த்துத் தரையில் வைக்கப்போனவள் உள்பக்கத்தைப் பார்த்தாள்.

உள்ளே செய்தித்தாள் இல்லை. நீலக் கட்டம் போட்ட தாள். சாலைக்கு நிலம் அளப்பவர்கள் இடுப்பில் சொருகிக்கொண்டு திரிவார்களே, அந்த அளவைப் புத்தகத்தின் தாள். வரிசை வரிசையாகப் பென்சில் எண்கள். ஏழு என்ற எண் வந்த இடத்திலெல்லாம் அதன் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.

அப்படி ஏழு எழுதும் ஒரே ஒரு ஆளை அவளுக்குத் தெரியும். அந்த ஆளோடு மூன்று வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

மலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி? என்ன அது?" அம்மா பதறினாள்.

"அவர் இங்க வந்தாரா?"

அப்பா குனிந்து, உருண்டு போன திருகாணியைத் தேடினார்.

"அப்பா, உங்களைத்தான் கேக்கறேன். எத்தனை தடவை?"

"ஏழு" என்றார் அப்பா. "சனிக்கிழமை சனிக்கிழமை. நாலு மணிக்கு."

அம்மா தலையில் கை வைத்தாள். சனிக்கிழமைதோறும் இரண்டு முதல் ஏழு வரை அவளுக்கு மருந்துக்கடை. கட்டிய மனைவியின் கண்ணில் மண்ணைத் தூவி மாப்பிள்ளை வந்து போயிருக்கிறார். இவரும் ஒன்றும் தெரியாதவர் மாதிரி சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்.

"வாக்குக் குடுத்தீங்களேப்பா."

"குடுத்தேன். முதல் தடவை உன்னோட ஸ்க்ரூ டிரைவர் பெட்டியைக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தார். வாசலோட அனுப்பிடணும்னுதான் நின்னேன் பாப்பா. அப்பதான் கதவைக் கழட்டி ஹால்ல வெச்சு, தண்டவாளம் பரப்பியிருந்தேன். வாசல்லருந்தே பார்த்துட்டார். 'மாமா, அந்த வளைவு ரொம்ப இறுக்கம். ரயில் கவிழ்ந்துடும்'னார். நிஜமாவே கவிழ்ந்துக்கிட்டுதான் இருந்துது. மதியத்துலருந்து எனக்குப் புரியல." அப்பா அந்த வளைவைக் காட்டினார். "உன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, சத்தியமா. வளைவைப் பத்திதான் பேசினோம்."

"அப்ப நீங்க திருந்தினது…" என்று ஆரம்பித்தாள் அம்மா.

"நான் எங்க திருந்தினேன்? எனக்கு ரெண்டாவது ஸ்டேஷன் வேணும், பாலம் வேணும்னு கை அரிச்சுக்கிட்டே இருந்துது. அவர்தான் நிறுத்துவார். 'கதவுக்குள்ள இருக்கட்டும் மாமா, இது திரும்பப் போக வேண்டிய கதவு'ம்பார். பசை போட வேணாம், ஸ்க்ரூ போடலாம்னு சொன்னதும் அவர்தான். யார் ரூம் கதவுன்னு அவருக்குத் தெரியும்."

பாப்பா காதில் வாங்கினாளோ என்னவோ. மலையின் குடைவுக்குள் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்களுக்கு நடுவே ஒரு தாளில் எழுத்து தெரிந்தது. பாதியை மேலே ஒட்டிய தாள் மறைத்திருந்தது. மீதியைப் படித்தாள்.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் அம்மா.

"'சனி. மலை பாதி முடிந்தது. இன்றாவது அவளைப் பற்றிக் கேட்கலாம் என்று வந்தேன். கேட்கவில்லை. அன்று அக்காவைத் தடுத்திருக்க…'" அதற்கு மேல் பசை.

அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை தும்மலுக்காக இல்லை.

பாப்பாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "மலைக்குள்ள எழுதி ஒட்டி வெச்சா யாருக்குக் கேக்கும்? நான் அங்கதானே இருந்தேன்? எதிர்ல, அதே மேஜையில. வாயைத் திறந்து சொன்னா என்ன?"

யாரிடம் கேட்கிறாள் என்று தெரியாமல் அப்பாவும் அம்மாவும் நின்றார்கள். அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணிக்கு இரண்டு நிமிஷம்.

"என்னங்க. இன்னைக்கும் சனிக்கிழமைதானே?"

"அதான் பால்கனில நின்னு எட்டு தடவை கூப்பிட்டேன்" என்றார் அப்பா பரிதாபமாக. "எடுக்கல. 'பாப்பா வந்திருக்கா, வராதீங்க'ன்னு மெசேஜ் போட்டேன்."

"பார்த்தாரா?"

"மூணரைக்கே பார்த்துட்டார்னு காட்டுது. பதில் இல்ல."

"பார்த்துட்டார்னா வர மாட்டார்" என்றாள் பாப்பா. "அவரைப் பத்தி எனக்குத் தெரியும். பிரச்சினைன்னா அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டார்."

வாசல் மணி அடித்தது.

பாப்பா சட்டென்று அறையைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே ஓடிச் சாத்திக்கொள்ளலாம் என்றால் கதவு தண்டவாளத்தோடு படுத்துக் கிடந்தது.

"ஒரு தடவைதான் அடிப்பார்" என்று அப்பா கிசுகிசுத்தார். "திறக்கிற வரைக்கும் அப்படியே நிப்பார். திறக்கலன்னா போயிடுவார்."

"தெரியும்" என்றாள் பாப்பா.

மணி மறுபடி அடித்தது. இந்தத் தடவை நீளமாக, விரலை எடுக்காமல்.

அப்பா வாசலை நோக்கி ஓரடி வைத்தார். "நில்லுங்கப்பா" என்றாள் பாப்பா. மலையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். "நீங்க ரெண்டு பேரும் அந்தக் கதவை மாட்டுங்க. நான் திரும்பி வரும்போது என் ரூமுக்குக் கதவு இருக்கணும்."

ஹாலைக் கடந்து வாசல் கதவருகே போனாள். தாழ்ப்பாள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை அவள் தொடவில்லை. கதவுக்கு நேராக நின்று, அந்தப் பக்கம் இருப்பவருக்கு நன்றாகக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"யாரு?"

வெளியே சத்தமே இல்லை. பதில் சொல்ல வாயெடுத்த அப்பாவின் வாயை அம்மா இரண்டு கையாலும் பொத்தினாள். பாப்பா கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கமிருந்து ஒரு வார்த்தை வராமல் அவள் திறப்பதாக இல்லை.